நூற்றைம்பத்தெட்டில் பாதி

எங்கள் எண்ணெய்க்கிடங்கு காலனியில், தண்ணீர் லாரி வந்து நிற்கிற மைதானத்தின் நடுவில், ஒரு பழைய கால்பந்து நாற்பத்தோரு நாள் யார் காலும் படாமல் தானாகவே முழங்கால் உயரத்துக்கு எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் வெளியாட்கள் அது எப்படி என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எப்படி என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை, எத்தனை என்பதில்தான் அக்கறை, ஏனென்றால் அந்தப் பந்து சரியாக நூற்றைம்பத்தெட்டு தடவை எழும்பி இறங்கும், பிறகு தரையில் ஒரு மூச்சு நேரம் உட்காரும், பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அது ஏன் நூற்றைம்பத்தெட்டு என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

என் பெயர் தயாளன். காலனியில் எல்லோருக்கும் மாஸ்டர். பகலில் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை, கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோடு கூடியதும் இல்லை குறைந்ததும் இல்லை என்று நானே என் வாயால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன். சாயங்காலம் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்தைக் காலில் நிறுத்தக் கற்றுக்கொடுப்பேன். கோல் அடிப்பதை நான் கற்றுக்கொடுப்பதில்லை, அதை யார் வேண்டுமானாலும் அடிக்கட்டும், பந்து வரும்போது அதை எப்படி வாங்குவது என்பதுதான் என் பாடம். வீட்டுக்கு ஆள் வந்தால் ஒரு அடி பின்னால் நகர்ந்து 'வாங்க' என்று சொல்வோமில்லையா, அப்படி, பந்து காலைத் தொடுகிற நேரத்தில் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், இழுக்காவிட்டால் அது முறைத்துக்கொண்டு போய்விடும். செங்கல் நட்டு வளைந்து வளைந்து ஓட்டுவது, கிடங்குச் சுவரில் அடித்துத் திரும்பி வருவதை உள்ளங்காலில் பிடிப்பது, கீழே விழாமல் பாதத்திலும் தொடையிலும் தட்டிக்கொண்டே இருப்பது, இவ்வளவுதான் என் வித்தை. இதில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். தட்டுகிற பிள்ளை எண்ணக் கூடாது. எண்ணினால் கவனம் காலிலிருந்து தலைக்குப் போய்விடும். 'தட்டுறது உன் வேலை, எண்ணுறது என் வேலை' என்று முதல் நாளே சொல்லிவிடுவேன், பிள்ளைகளும் சாமி சொன்னது மாதிரி கேட்டுக்கொள்வார்கள்.

அப்படிக் கேட்டுக்கொண்டவர்களில் ஒருத்தி மோனிஷா. சாலை முனையில் தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்கிற தேன்மொழியின் மகள், வயது பதின்மூன்று முடிகிற தறுவாய், ஒல்லிக் குச்சி, ஆனால் எந்த உயரத்திலிருந்து எந்தக் கோபத்தோடு வந்த பந்தும் அவள் பாதத்துக்கு வந்தால் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்துவிடும். அவளை விளையாட்டு விடுதித் தேர்வுக்கு நான்தான் கூட்டிப்போனேன். விடுதியில் சேர்ந்துவிட்டால் சாப்பாடு அவர்கள் பொறுப்பு, படிப்பு அவர்கள் பொறுப்பு, புல் முளைத்த மைதானம், இரண்டு காலுக்கும் சொந்தமாக ஷூ. காலனியில் அவளும் இன்னொரு பெண்ணும் ஒரே ஜோடியை ஆளுக்கொரு காலாகப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள். பதினான்கு வயது தொட்டுவிட்டால் எடுக்க மாட்டார்கள், ஆகவே அவளுக்கு அந்த வருஷம்தான் கடைசி.

தேர்வில் ஒரே சோதனை பந்தைக் கீழே விடாமல் தட்டுவது. பிள்ளைகள் ஏராளம், அதிகாரி ஒருத்தர். ஒவ்வொரு பிள்ளைக்கு எதிரிலும் அவரவர் மாஸ்டர் நின்று மனதுக்குள் எண்ணி, முடிந்ததும் மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். மோனிஷா தட்டினாள். வலது, இடது, வலது, தொடை, இடது, நான் மூட்டை எண்ணுகிற மாதிரியே கண் இமைக்காமல் எண்ணினேன், நூறைத் தாண்டும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, நூற்றைம்பத்தெட்டில் காற்று வந்து பந்தை ஒரு சாண் தள்ளிவிட்டது. நான் மேசைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பக்கத்துப் பேட்டை மாஸ்டர் தன் பையனுக்கு நூற்றுப்பத்து என்று சொல்ல, அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "உங்க பக்கத்து ஆளுங்க எண்ணிக்கை எப்பவுமே கொஞ்சம் தாராளம்தான்" என்று சிரித்தார். சுற்றியிருந்த, வெள்ளை டி-ஷர்ட் போட்ட மற்ற மாஸ்டர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதிகாரி என்னைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், என் ரப்பர் செருப்பைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க, எவ்ளோ?"

நூற்றைம்பத்தெட்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். அது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது. முன்னால் எழுதியிருந்த எண்களை எட்டிப் பார்த்தேன், அறுபத்தைந்து, எழுபது, ஐம்பத்தெட்டு என்றிருந்தது. எழுபத்தொன்பது சொன்னாலே போதும், நம்பவும் நம்புவார்கள், விடுதியில் சீட்டும் கிடைத்துவிடும் என்று மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவன் மாதிரி என் பெண்ணின் காலைப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

"எழுபத்தொம்போது சார்."

"பரவாயில்லையே" என்றார் அதிகாரி. அந்தப் 'பரவாயில்லையே'வுக்கு நான் பல்லைக் காட்டினேன். இதை எழுதும்போதும் அந்தப் பல் எனக்குக் கூசுகிறது.

சாயங்காலம் வாசல் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். மதியத்துக்குமேல் வந்த பிள்ளைகள் பிரமாதமாகத் தட்டியிருக்கிறார்கள், அல்லது அவர்களுடைய மாஸ்டர்களுக்கு என்னைவிட முதுகெலும்பு இருந்திருக்கிறது. கடைசியாக எடுத்த பெயருக்கு எண்பத்திரண்டு. மோனிஷா தன் பெயருக்கு நேரே இருந்த எழுபத்தொன்பதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நூறு போயிருக்கும்னு நெனச்சேன் மாஸ்டர்" என்றாள்.

"அப்படித்தாம்மா தோணும்" என்றேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மைதானத்துக்கு வந்து நான் வலைப்பையை அவிழ்த்தேன், அவள் தேர்வில் தட்டிய பந்து வெளியே உருண்டது, தரைக்கு ஒரு சாண் மேலே எதன்மீதோ பட்டது போல எழும்பியது, இறங்கியது, எழும்பியது. மோனிஷா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எண்ணினேன், பழக்கதோஷம். எத்தனையில் நிற்கும் என்பது ஐம்பதைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் தண்ணீர் லாரிக்கு வந்த பெண்கள் பந்தைச் சுற்றிக் குடங்களை வரிசைப்படுத்திக்கொண்டார்கள், லாரி டிரைவர் அதற்கு இடம் விட்டு ஒரு கெஜம் தள்ளி நிறுத்தினார், அதற்குப் பிறகு எப்போதும் அந்த ஒரு கெஜம் தள்ளியே நின்றது லாரி. சின்னப் பிள்ளைகள் வளைந்து ஓட்டுவதற்கு ஒரு செங்கல் குறைவாக நட்டார்கள், அதுதான் பந்து இருக்கிறதே என்று. டீக்கடை காதர் பாய் கொதிக்கிற நேரத்துக்கு அதையே கடிகாரமாக வைத்துக்கொண்டார், ஒரு சுற்று சாதா, ஒன்றரைச் சுற்று ஸ்ட்ராங். மூன்றாம் பிளாக்கில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தை எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் தூங்கிவிடுகிறது என்று அதன் அம்மா தொட்டிலை ஜன்னலோரம் மாற்றிக் கட்டினாள். ஒருத்தர் அதன் பக்கத்தில் வேப்பிலை கட்டிய குச்சியை நட்டார், ஒருத்தர் மெழுகுவர்த்தி வைத்தார், ஒருத்தர் ஊதுபத்தி வைத்தார், யாருடைய பந்து என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் வாய்ச்சண்டை நடந்து, கடைசியில் பந்து பந்துதான் என்று முடிவாகி, மழை வந்தபோது எல்லோருமாகச் சேர்ந்து நாலு கழி நட்டு மேலே ஒரு தார்ப்பாய் கட்டினார்கள்.

எல்லோரும் எண்ணினார்கள். எண்ணாமல் இருக்க முடியாது, வாசலில் ஒருத்தன் தாளம் போட்டுக்கொண்டே இருந்தால் தலை ஆடத்தானே செய்யும். பட்டியலை யாரோ போட்டோ எடுத்து காலனி வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள், அதில் மோனிஷாவுக்கு நேரே எழுபத்தொன்பது. பந்து சொல்வது நூற்றைம்பத்தெட்டு. இரண்டால் வகுக்கத் தெரியாதவர்கள் யாரும் எங்கள் காலனியில் இல்லை. அது என் மரமண்டைக்கு உறைக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. யாரும் என்னைக் கேட்கவில்லை, அதற்குப் பதிலாக மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்கள். காதர் பாய் எனக்கு மட்டும் சாஸரோடு டீ கொடுத்தார். குழாயடியில் எப்போதும் முறைக்கிற பொம்பளைகள்கூட "சாப்டீங்களா மாஸ்டர்?" என்று, காய்ச்சல்காரனைக் கேட்கிற குரலில் கேட்டார்கள். ஒருநாள் காதர் பாய் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நூத்தி அம்பத்தெட்டு தட்டு கொதிச்சாதான் மாஸ்டர் டீ. பாதில எறக்கினா அது வெறும் சாயத்தண்ணி" என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நடுரோட்டில் என் துணியை உருவியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

மோனிஷா மைதானத்துக்கு வரவில்லை. வரச் சொல்லி வண்டிக்குப் போனேன். அவள் குனிந்தபடி மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அது இன்னாத்துக்கு வரணும் மாஸ்டர்?" என்றாள் தேன்மொழி, கரண்டியால் மீனைப் புரட்டிக்கொண்டே. "மீனு வறுக்க காலு வேணாம், கை போதும். ஷூவ அந்த இன்னொரு பொண்ணுக்கே ஜோடியா குட்த்துட்டா."

தேன்மொழி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த பார்வை அது. நான் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அப்போதும் உண்மையைச் சொல்லாமலே காரியத்தைச் சரிபண்ணிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதிகாரியிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி, சீட்டை வாங்கி, 'யாரோ விலகிட்டாங்களாம், உன்னைக் கூப்பிடுறாங்க' என்று வந்து சொல்லிவிட்டால், சீட்டும் கிடைத்த மாதிரி, மானமும் போகாத மாதிரி. முப்பத்தைந்தாம் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பந்தை வலைப்பையில் போட்டுக் கட்டினேன், அது பைக்குள்ளேயே என் முழங்காலில் தட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் எனக்கொரு டிக்கெட் கிழித்துவிட்டு, பையைப் பார்த்துவிட்டு, "அத்த மடியில வெச்சுக்கோங்க, பக்கத்துல பாப்பா தூங்குது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். வயிற்றில் தட்டிக்கொண்டே வந்தது.

அதிகாரிக்கு என்னை ஞாபகமில்லை. சொன்னேன். பையை அவிழ்த்துவிட்டேன், பந்து அவர் மேசைக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் எழும்பி இறங்கியது.

"பாருங்க சார், இதான் கணக்கு, நூத்தி அம்பத்தெட்டு. எண்ணிப் பாருங்க சார்."

அவர் எண்ணவில்லை. நாலைந்து தாளில் கையெழுத்துப் போட்டார். "நீங்கதான எழுபத்தொம்பதுன்னு சொன்னீங்க? சொன்னதை எழுதினேன். அதிகமா எண்ணினோம்னு யாரும் வந்ததில்ல, எல்லாரும் கொறச்சு எண்ணிட்டோம்னுதான் வர்றாங்க. பட்டியல் போயாச்சு, பசங்களும் சேர்ந்தாச்சு. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

"வயசு தாண்டிடும் சார்."

"அப்ப நான் என்ன பண்ண முடியும்? அதைக் கொஞ்சம் வெளிய எடுத்துட்டுப் போங்க, சத்தமா இருக்கு."

சீட்டு அதோடு போயிற்று. இனி யார் நினைத்தாலும் வராது. பந்தைக் கட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் பழைய இடத்தில் விட்டேன், தார்ப்பாய்க்குக் கீழே அதன் இடத்தை யாரோ பெருக்கி வைத்திருந்தார்கள்.

அதற்கப்புறமும் ஐந்து நாள் ஓட்டினேன். நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் கிடங்குச் சுவரோரமாக வந்துகொண்டிருந்தபோது மூலை திரும்புகிற இடத்தில் பிள்ளைகள் பேசுவது கேட்டது. மோனிஷா கடைக்கு எண்ணெய் வாங்கப் போகிற வழியில் அவளை மறித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"உன்னோட கணக்குத்தான்டி அது, ஊருக்கே தெரியும், நீ ஒரு வாட்டி எண்ணிப் பாரேன்" என்றது ஒன்று.

"நான் எண்ண மாட்டேன்" என்றாள் மோனிஷா. "எண்ணுறது மாஸ்டர் வேல. எங்கம்மாவும் நீங்க சொல்றதையேதான் சொல்லினு கீது. மாஸ்டர் கணக்கு தப்பாது. பந்துதான் தப்பா எண்ணுது."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். காலனியில் நாய்க்குக்கூடத் தெரிந்த ஒன்றை அவள் ஒருத்தி நம்ப மறுத்துக்கொண்டிருக்கிறாள், என்னால், என் சட்டத்தால், என் இருபத்திரண்டு வருஷக் கோட்டுப் பெருமையால். கண்ணுக்கு முன்னால் நடக்கிற அதிசயத்தைத் தப்பு என்கிறாள், என்னைச் சரி என்கிறாள். செத்துப்போய்விடலாம் போல இருந்தது. அதையும் செய்ய மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதற்கும் துணிச்சல் வேண்டும்.

தண்ணீர் லாரி வந்து நின்ற நேரம். மைதானம் பூராவும் குடம், பக்கெட், ஆட்கள். நான் போய்ப் பந்துக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பிவிட்டார்கள், குழாயைக்கூட யாரோ மூடிவிட்டார்கள். மோனிஷா எண்ணெய்ப் பாக்கெட்டோடு சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"மோனிஷா!" என்று கத்தினேன். "நீ அன்னைக்கு நூத்தி அம்பத்தெட்டு தட்டினம்மா. நான் சரியாத்தான் எண்ணினேன். சிரிப்பாங்கன்னு பயந்துகிட்டு, பாதியா கொறச்சு எழுபத்தொம்போதுன்னு சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன்."

ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. பொம்பளைகள் குடத்தைப் பார்த்தார்கள், காதர் பாய் துண்டால் கிளாஸைத் துடைத்தார். தேன்மொழி வண்டியை விட்டுவிட்டு வந்தாள், அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்" என்றாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துனு இருந்தேன். நான் சொன்னா எங்க கேக்குறா, மாஸ்டரப் பத்திப் பேசாதன்னு எங்கிட்டயே சண்டைக்கு வர்றா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பது நாளு எடுத்துக்கினீங்களே."

மோனிஷா மெதுவாக வந்தாள். எண்ணெய்ப் பாக்கெட்டை அம்மா கையில் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

"அப்போ என் காலோட டச்சு தப்பு இல்லியா மாஸ்டர்?"

"தப்பே இல்லம்மா. இருபது வருஷத்துல அப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

"நாப்பது நாளா என் கால நானே திட்டிக்கினு இருந்தேன்" என்றாள்.

சீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான்தான், அதுவும் போய்விட்டது, அதிகாரியிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார் என்று கோர்வையில்லாமல் உளறினேன். அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பந்து அப்போது ஏதோ அறுபதிலோ எழுபதிலோ இருந்தது, அது இறங்குகிற நேரம் பார்த்து, மீன் செதில் ஒட்டிய வெறுங்காலை அதற்குக் கீழே நீட்டி, தொடுகிற இடத்தில் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, 'வா' என்று வாங்கினாள். நாற்பத்தோரு நாள் இடைவிடாமல் குதித்த பந்து அவள் பாதத்தில் உட்கார்ந்தது. எழும்பவில்லை. மைதானத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. மூன்றாம் பிளாக்கில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

பிறகு அவள் தட்டினாள். வலது, இடது, வலது, தொடை. என் உதடு தன்பாட்டுக்கு அசைந்தது, ஒண்ணு, ரெண்டு, மூணு, அவள் பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நீங்க எண்ணாதீங்க மாஸ்டர்."

கோபமாகச் சொல்லவில்லை. செங்கல்லை இங்கே வைக்காதே, அங்கே வை என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேனே, அந்தக் குரலில் சொன்னாள். பிறகு, "நாலு, அஞ்சு" என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள், தேன்மொழி சேர்ந்துகொண்டாள், குடங்களோடு நின்ற பெண்கள், லாரி டிரைவர், காதர் பாய், சின்னப் பிள்ளைகள், காலனியே ஒரு குரலாக எண்ணியது.

நான் கிடங்குச் சுவரின் பக்கம் திரும்பி, துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை எண்ணியவன், அத்தனை பேருக்கு முன்னால் இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன். சுவரில் வெயில் இறங்கி என் நிழல் போய்விட்டது, அப்போதும் என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பது காலுக்குக் கீழே தரையில் தெரிந்தது.

அன்றைக்கு அவள் எத்தனை தட்டினாள் என்பது எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.